நடு நட்சத்திரத்தில் நிற்பவள்

லவீனியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்வேன். பற்கள் வரிசையாக இருக்கும், அவள் புருஷன் பல் மருத்துவர். குரல் நன்றாக இருக்கும். சமையல் சுமார். அதற்கு மேல் பேசினால் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும்.

அவள் என் சித்தப்பா மகள், என்னைவிட எட்டு மாதம் சின்னவள். வாய்க்கு வாய் அக்கா என்பாள். ஆனால் எனக்கு வரவேண்டியதெல்லாம் பாதி வழியில் திரும்பி அவள் வீட்டுக்குப் போய்விடும். தையல் மெஷின் அவளுக்குப் போனது. பெரிய அத்தையின் முத்துத் தோடு அவளுக்குப் போனது. அதையெல்லாம் விட்டுத் தொலைத்தேன். நடு நட்சத்திரத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை.

எங்கள் ஊர் பிரேசிலில், சாவ் பாவ்லோ மாநிலத்தின் கரும்புக் காட்டுக்குள் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் எங்கள் ஆட்களின் கல்லறைத் தோட்டம், பக்கத்தில் சின்னத் தேவாலயம், அதற்கு எதிரே ஒரு சிமெண்ட் மேடை. மேடை முழுக்க ஒரு கொடியை வரைந்திருப்பார்கள். தரை சிவப்பு. மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல இரண்டு நீலப் பட்டைகள். பட்டைகள் நெடுக வெள்ளை நட்சத்திரங்கள். ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் அங்கே எங்கள் திருவிழா நடக்கும். பெண்கள் உள்ளே கம்பி வளையம் வைத்த பெரிய பாவாடை கட்டிக்கொள்வோம், ஆண்கள் சாம்பல் நிறச் சிப்பாய்ச் சட்டை போட்டுக்கொள்வார்கள். ஒரு ஜோடிக்கு ஒரு நட்சத்திரம். பட்டைகள் இரண்டும் சந்திக்கிற இடத்து நட்சத்திரத்தில் நிற்கும் ஜோடிதான் ஆட்டத்தை ஆரம்பிக்கும். அவள் பாவாடை சுழன்றால்தான் மற்றவர்கள் பாவாடை சுழல வேண்டும்.

அந்த இடம் குடும்பம் குடும்பமாக முறை வைத்து வரும். எங்கள் குடும்பத்துக்கு முறை வந்தபோது, கல்யாணமான பெண்களில் மூத்தவள் நான். ஜோவினோவைக் கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, என் இடுப்பு அப்போது ஒரு பிடிதான். நான் பாவாடைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தபோது லவீனியாவின் பெயரை அறிவித்தார்கள். சித்தப்பா அப்போது திருவிழா நடத்துகிற சங்கத்துப் பொருளாளர். வேறென்ன காரணம் வேண்டும்? வாங்கியவள் திருப்பிக் கொடுத்தாளா என்றால் அதுவும் இல்லை. முட்டி தேய்கிறவரை அங்கேயே நின்றாள்.

எனக்கும் ஜோவினோவுக்கும் ஓரத்து நட்சத்திரம். படிக்கட்டை ஒட்டியது. கோழி பொரிக்கிற கடையின் எண்ணெய்ப் புகை நேரே எங்கள் மேல்தான் அடிக்கும்.

"ஓரம்தான் வசதி, ஜந்தி. ஆட்டம் முடிஞ்சதும் மொத பீர் நமக்குத்தான்" என்பான் ஜோவினோ. அவன் சர்க்கரை ஆலையில் கரும்பு லாரி ஓட்டுபவன், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன். நான் காது கொடுத்துக் கேட்க மாட்டேன். லவீனியா எந்தப் பக்கம் சுற்றுகிறாள், எங்கே தப்பு விடுகிறாள் என்று பார்ப்பதற்கே எனக்கு நேரம் போதாது.

அந்தக் கொடிக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால் கோழி என்று சொல்லியிருப்பேன். கோழி, தர்பூசணி, கம்பி குத்தின இடுப்பு, உறவுக்காரர்களின் எச்சில் முத்தம். எங்கள் முப்பாட்டன்மார் அமெரிக்காவின் தெற்கில் இருந்தவர்கள், ஒரு போரில் தோற்றார்கள், தோற்ற கொடியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார்கள். பருத்தி பயிரிட வந்தார்கள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அந்தப் போரே அடிமைகளை வைத்துக்கொள்வதற்காக நடந்தது, அடிமைகளை இங்கே இன்னும் விலைக்கு வாங்கலாம் என்பதும் அவர்கள் வந்ததற்கு ஒரு காரணம் என்பதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் தோண்டித் துருவவில்லை. எங்கள் சங்கத் தலைவருக்குப் பெயரே லிங்கன். எங்கள் முப்பாட்டன்மாரைத் தோற்கடித்தவரின் பெயர் அது. காதுக்கு நன்றாக இருக்கிறதே என்று அவர் அம்மா வைத்துவிட்டார். எங்களுக்கு வரலாறு தெரிந்த லட்சணம் அவ்வளவுதான்.

ஒரு வருஷம் அலபாமாவிலிருந்து ஒரு தாடிக்காரர் வந்தார். அந்தக் கொடிக்காக உயிரைக் கொடுப்பேன் என்கிற ரகம். ஆட்டம் ஆரம்பித்ததும் மேடையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மனசு நெகிழ்ந்துவிட்டார் போல என்று நினைத்து நான் ஓடிப்போய்க் கரும்புச் சாறு கொடுத்தேன். அவர் டம்ளரைத் தட்டிவிட்டுக் கத்தினார். லிங்கன் அண்ணன் மொழிபெயர்த்தார்.

"காலை எடுங்கன்னு சொல்றாரு. அவங்க ஊர்ல இந்தக் கொடியை மிதிக்கறவங்க இதை வெறுக்கறவங்களாம்."

"நாம பாசமாத்தானே மிதிக்கறோம்? அதைச் சொல்லுங்க அண்ணே."

சொன்னார். தாடிக்காரருக்குப் புரியவில்லை. ஆனால் போகும்போது மறக்காமல் லவீனியாவைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அது ஏதோ பத்திரிகையின் அட்டையில் வந்தது. அவள் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

அப்புறம் காலம் மாறியது. அமெரிக்காவில் ஒரு தேவாலயத்துக்குள் புகுந்து ஒருவன் கறுப்பர்களைச் சுட்டுக் கொன்றான். அவன் இதே கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் உலகமெல்லாம் டிவியில் வந்தது. அதன் பிறகு திருவிழா நாளில் டவுனிலிருந்து கறுப்பர் அமைப்புக்காரர்கள் மேளத்தோடு வந்து வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். 'எங்க பாட்டிமாரை வித்த கொடி மேல உங்களுக்கு டான்ஸா?' என்று அட்டையில் எழுதிப் பிடித்திருந்தார்கள். எங்கள் வாத்தியக்காரர்கள் ஒரு தாளம், அவர்கள் ஒரு தாளம், நான் இரண்டுக்கும் நடுவில் தப்பு அடி வைத்தேன். கார்களின் பின்னால் ஒட்டியிருந்த கொடி ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. கொடி போட்ட துண்டை நான் நாய்க்கு விரித்துவிட்டேன். கடைசியில், பொது இடத்தில் அந்தக் கொடியே இருக்கக் கூடாது என்று நகரசபையில் தீர்மானம் கொண்டுவரப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

அந்தச் சமயத்தில்தான் லவீனியா முட்டி வலி என்று சொல்லி ஒதுங்கினாள். லிங்கன் அண்ணன் இரண்டு தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"ஜந்தீரா, இந்த வருஷம் நடு நட்சத்திரம் உனக்குத்தான்."

"எனக்கா?"

"உனக்கேதான். நீயும் ஜோவினோவும். டிவிக்காரங்க வர்றாங்க, ஓட்டெடுப்பு வருது. ஜோவினோ மாதிரி ஒரு கறுப்பு ஆளு அந்தச் சாம்பல் சட்டையோட நடுவுல நின்னான்னா எவன் நம்மளை என்ன சொல்ல முடியும்? படத்துல ரொம்ப நல்லா இருக்கும்."

அவர் சொன்னதில் நடு நட்சத்திரம் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தர்பூசணியை அப்போதே வெட்டி அவருக்கே கொடுத்தேன். அவர் போனதும் பரண் மேல் இருந்த பாவாடையை இறக்கினேன். இடுப்பு இரண்டு பங்காகியிருந்தது, பக்கத்துத் தையலைப் பிரித்தேன். ஜோவினோ வேலையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வரல" என்றான்.

"ஏன், முட்டியா?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன கேடு? அவ நின்னப்பல்லாம் கைதட்டத் தெரிஞ்சுதுல்ல? பொண்டாட்டி நிக்கப்போறேன்னா மட்டும் கால் வரலையா?"

"ஜந்தி, வேணாம். விட்டுடு" என்று குளிக்கப் போய்விட்டான். அவனைப் பிறகு சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் அவன் எனக்கு எதையும் மறுத்ததில்லை.

மறுநாள் லவீனியா வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று கேட்பீர்கள். அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான். போனால் கூடத்தில் அந்த அட்டைப் படத்தைக் காணோம். சட்டம் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. எனக்கு அன்று எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் நிம்மதியாக உட்கார முடிந்தது. காபி வந்தது, விஷயத்தைச் சொன்னேன்.

அவள் முகம் போகத்தான் போனது. ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

"அக்கா, போகாதீங்க."

"ஏன்டி, உன் இடம் போயிடுச்சேன்னு இருக்கா?"

"சத்தியமா அது இல்லக்கா. என்னால சொல்ல முடியல. ஞாயித்துக்கிழமை டிவியில பேசறேன், பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க."

"டிவியிலயா? நீயா?" என்று கேட்டேன். எனக்குக் காதில் புகை வந்தது. நடு நட்சத்திரத்தை விட்ட கையோடு டிவிக்குப் போகிறாள், பாருங்கள். இவளுக்கு எங்கேதான் கதவு திறக்காது?

ஞாயிறு மதியம் சோறும் கறுப்பு பீன்ஸும் மேசையில் இருந்தன. ஜோவினோ தட்டில் மரவள்ளி மாவைத் தூவிக்கொண்டிருந்தான். டிவியில் லவீனியா பச்சைச் சட்டையில், அந்தப் பற்களோடு வந்தாள். அந்தக் கொடி மேல் இனி ஆட மாட்டேன், அதில் ஆடியதற்கு வெட்கப்படுகிறேன் என்றாள். பேட்டி எடுத்த பெண் உருகிப் போனாள். எல்லாரும் சாதாரண ஆட்டம் என்றுதானே நினைத்தீர்கள், என்ன நடந்தது என்று கேட்டாள்.

"எங்க யாருக்கும் எதுவும் தெரியாதுன்னு சொல்றது பொய்ங்க" என்றாள் லவீனியா. "அந்த நடு இடம் என் அக்கா ஜந்தீராவுக்கு வரவேண்டியது. அவங்க புருஷன் கறுப்பு. கமிட்டிக்காரங்க எங்க வீட்டுல உக்காந்து பேசினாங்க, நான்தான் காபி கொடுத்தேன். அந்தக் கொடிக்கு நடுவுல அந்த ஆள் நின்னா படத்துல நல்லா இருக்காதுன்னு அப்ப இருந்த தலைவர் சொன்னாரு. ஒருத்தரும் எதிர்த்துப் பேசல. நானும் பேசல. எனக்கு அந்த இடம் வேணும்னு இருந்துச்சு."

பேட்டி எடுத்தவள் லவீனியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு துணிச்சல் எல்லாருக்கும் வராது என்றாள்.

அப்போதைய தலைவர் லிங்கன் அண்ணனின் அப்பா. தவறாமல் என் கன்னத்தில் முத்தம் கொடுத்துத் திருவிழா வாழ்த்துச் சொன்னவர். ஆனால் எனக்கு முதலில் கோபம் வந்தது அவர் மேல் இல்லை, லவீனியா மேல்தான். என் இடத்தில் நின்று என் கண் முன்னால் இத்தனை வருஷம் சுழன்றாள். இப்போது எனக்கு நடந்த அவமானத்தையும் எடுத்துப் போர்த்திக்கொண்டு ஊர் நடுவில் நிற்கிறாள். அதற்கும் கைதட்டல் அவளுக்கு. வெட்கப்படுவதில்கூட எனக்கு ஓரத்து இடம்தான். ஒரு நாளாவது நடுவில் ஆடியிருந்தால்தானே இனி ஆட மாட்டேன் என்று நானும் அறிவிக்க முடியும்?

இதையெல்லாம் ஜோவினோவிடம் கொட்டலாம் என்று திரும்பினேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அன்னைக்கே. கோழிக்கடைக்கிட்ட லிங்கனோட அப்பா என் தோள்ல கையைப் போட்டாரு. தம்பி, உங்களுக்கு ஓரம்தான் தோதுப்படும்னாரு. அதுக்கு மேல விளக்கம் வேணுமா?"

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ அவளையே பாத்துட்டு ஆடுவ. ஒரு தடவை என் மூஞ்சியைப் பாத்திருந்தா நான் சொல்லவே வேண்டியிருக்காது."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"சரி, இப்பக் கேக்கறேன். அன்னைக்கே சொல்லியிருந்தேன்னா ஆட்டத்தை விட்டிருப்பியா?"

"விட்டிருப்பேன்."

யோசிக்காமல், பளிச்சென்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். சரி என்றான். தட்டைத் திரும்ப இழுத்து, பீன்ஸை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் லவீனியா போன் செய்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பா? அதையும் டிவியில கேட்டுக்கோ. பச்சைச் சட்டை உனக்கு எடுப்பா இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் லிங்கன் அண்ணனைத் தேடிச் சங்கத்துக்கே போனேன். அவர் மேடைக்குப் புதுச் சிவப்புப் பெயிண்ட் இறக்கிக்கொண்டிருந்தார்.

"நாங்க வரல அண்ணே."

"என்னம்மா இது, கடைசி நேரத்துல..."

"ஏன், படத்துல நல்லா இருக்காதா?"

அவர் கையைப் பிசைந்தார். "லவீனியா சொன்னதைக் கேட்டியா? அது அந்தக் காலம்மா. அப்பா காலத்துல அந்தக் கொடிக்கு இந்த அர்த்தமெல்லாம் கிடையாது. சும்மா திருவிழாக் கொடி."

"சும்மா திருவிழாக் கொடின்னா என் புருஷன் நடுவுல நிக்கறதுல என்ன கெட்டுப்போச்சு? எந்த அர்த்தத்தைப் பாத்து அவனை ஓரத்துல நிறுத்தினாரு உங்கப்பா?"

அவர் பெயிண்ட் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கே அது இப்போதுதான் உறைத்ததோ என்னவோ. "எனக்குத் தெரியலம்மா" என்றார். நல்ல மனுஷர்தான். அதற்காக நான் விடவில்லை. நாலு பேர் காதில் விழுகிற மாதிரி இன்னும் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் வந்தேன்.

வீடு திரும்பும்போது நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். லவீனியா வாழ்நாளெல்லாம் ஆடிவிட்டு, முட்டி போன பிறகு விட்டாள். நான் கிடைத்ததை, கையில் வந்ததை, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எது பெரிசு? கேமரா இல்லாததால் ஒருத்தருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். கடைத்தெருவில் என்னை நிறுத்தி, உன் தங்கச்சிக்கு என்ன தைரியம் என்று சொன்னவர்களைத்தான் பார்த்தேன். உன் தைரியம் என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே? ஜோவினோ மட்டும் அன்று ராத்திரி பாத்திரங்களை அவனே கழுவி வைத்தான். தண்ணீர்ச் சத்தத்தோடு மெதுவாக ஏதோ பாடினான். அவன் பாடிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

திருவிழா ஞாயிறு வந்தது. நாங்கள் போகவில்லை. மதியம் ஜோவினோ வேர்க்கடலை வறுத்து மேசையில் கொட்டினான், இரண்டு பேரும் உட்கார்ந்து உரித்தோம். உள்ளூர் டிவி நேரடியாகக் காட்டியது. வாசலில் மேளக்காரர்கள், போன வருஷத்தைவிடக் கூட்டம் அதிகம். லவீனியா அவர்களோடு நின்றாள், முன்வரிசையில்தான். பிறகு கேமரா உள்ளே போனது. மேடையில் புதுச் சிவப்பு பளபளத்தது. லிங்கன் அண்ணன் காம்பினாஸ் நகரத்திலிருந்து ஒரு ஜோடியைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். தூரத்துச் சொந்தமாம். புருஷன் கறுப்பு. அவள் முப்பதுகூடத் தாண்டியிருக்க மாட்டாள். நடு நட்சத்திரத்தில் நின்று பாவாடையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பிடிக்கக் கூடாது.

"பாரு, இவனை எங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கானுங்க" என்றான் ஜோவினோ. அந்த மனிதன் சாம்பல் நிறச் சட்டையில் வியர்த்துப்போய் நின்றான். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான், மேளச் சத்தம் வந்த பக்கம்.

"பாவம்" என்றேன். உண்மையில் நான் அவனைப் பார்க்கவில்லை.

வாத்தியம் ஆரம்பித்தது. காம்பினாஸ்காரி இடது காலை எடுத்து வைத்தாள். வலது காலில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று யாருமே சொல்லித் தரவில்லை போல. சுற்றும்போது ஒரு அடி பிந்தினாள். அவளுக்கு அந்த இடம் எதற்கு? நான் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்? கடலைத் தொலி என் விரலில் நொறுங்கிக்கொண்டிருந்தது. டிவியில் இருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

ஜோவினோ உரிப்பதை நிறுத்தியிருந்தான். சத்தம் நின்றதால்தான் திரும்பினேன். அவன் டிவியைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வலது கால் தரையில் தாளம் தப்பாமல் அடி போட்டுக்கொண்டிருந்தது.

சட்டென்று காலை நாற்காலிக்குள் இழுத்துக்கொண்டேன். "ஜோவினோ" என்றேன். அவன் மடியில் கிடந்த தொலியை மேசையில் தட்டிவிட்டு எழுந்து, பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.